பெயரளவுத் தகைவும் தகைவுச் செறிவும்

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறியும் செய்தி வருகின்றது. பீலி மிக மெல்லியது. ஆயினும் அளவின்றி ஏற்றுவார்க்கு அச்சுத் தாங்காது என்பது அங்குக் கூறப்படும் பொருள். பிறிது மொழிதலாக அரசனது வலியளவைச் சொல்ல வந்த ஆசிரியர்க்கு அவ்வளவே வேண்டுவது. அச்சு எவ்விடத்தில் இறும் என்பதை அவர் ஆராயவில்லை; ஆராய வேண்டிய தேவையும் அவர்க்கில்லை. வண்டி செய்யும் தச்சனுக்கோ அதுவே முதல் வினா. பாரம் முழுவதும் ஓர் அளவு. அப்பாரம் அச்சின் எந்தப் புள்ளியில் சென்று குவிகின்றது என்பது மற்றோர் அளவு. முன்னதனைப் பொறியியலார் பெயரளவுத் தகைவு என்றும், பின்னதனைத் தகைவுச் செறிவு என்றும் வழங்குகின்றனர். இவ்விரு சொற்களும் தமிழில் எவ்வாறு பொருள்படுகின்றன என்பதையும், அவை குறிக்கும் உண்மை எத்தகையது என்பதையும், எண்ணூர் முதல் இராயபுரம் வரையுள்ள கடற்கரைத் தொழிற்பகுதியின் சான்றுகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் தகைவு என்னும் சொல்லைக் காண்போம். தகைதல் என்பதற்குத் தடுத்தல், தடுத்து நிறுத்தல் என்னும் பொருள்கள் பழமையானவை. ஓர் எஃகுக் கம்பியின் இரு முனைகளையும் பற்றி இழுத்தால், கம்பியின் உட்பகுதி ஒவ்வொன்றும் பக்கத்துப் பகுதியைப் பிரிய விடாமல் தடுக்கின்றது. அத்தடுப்பு ஓரலகு பரப்பிற்கு எவ்வளவு என்பதே தகைவு. புறத்தே இருந்து வரும் விசையைக் குறியாமல், அகத்தே எழும் தடுப்பைக் குறிப்பதனால் இச்சொல் மிகப் பொருத்தமுடையது என்பது எம் கருத்து. தகைவினால் உருவம் சிறிது மாறுவதனைத் திரிபு என்கின்றனர். தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரங்களைப் படித்தவர்க்கு இச்சொல் புதிதன்று. புணர்ச்சியில் ஓரெழுத்து மற்றோரெழுத்தாவது போல, ஈண்டு ஒரு நீளம் மற்றொரு நீளமாகின்றது.

இனி, பெயரளவுத் தகைவு. 100 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உடைய ஓர் எஃகுப் பட்டையை 80,000 நியூட்டன் விசையால் இழுப்பதாகக் கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்பு 1,000 சதுர மில்லிமீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் கிடைக்கும். அப்பட்டையின் நடுவே 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளையிடுவோம். துளையுள்ள இடத்தில் எஞ்சிய பரப்பு 800 சதுர மில்லிமீட்டர். அதனால் வகுத்தால் 100 நியூட்டன். இவ்விரண்டும் பெயரளவுத் தகைவுகளே. ஒன்று முழுப் பரப்பின்மேற் கணக்கிட்டது. மற்றது எஞ்சிய பரப்பின்மேற் கணக்கிட்டது. ஆயினும் துளையின் விளிம்பில் உண்மையாக நிலவும் தகைவு இவ்விரண்டும் அன்று. அஃது ஏறத்தாழ 250 நியூட்டன்.

இவ்வுயர்ந்த அளவைப் பெயரளவால் வகுத்து வரும் எண்ணைச் செறிவெண் என்போம். 250-ஐ 100-ஆல் வகுத்தால் 2.5, 80-ஆல் வகுத்தால் 3.1. பட்டை ஒன்று, துளை ஒன்று, விளிம்பில் உள்ள தகைவும் ஒன்றே. எனினும் செறிவெண் இரண்டாகின்றது. ஒரு நூலில் எஞ்சிய பரப்புக்குரிய செறிவெண்ணைக் கண்டு, அதனை முழுப் பரப்புக்குரிய தகைவோடு பெருக்கும் மாணவன் 250 என்பதற்கு மாறாக 200 என்று விடை காண்பான். அவன் கண்ட விடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. குறைந்ததும் ஆபத்தான பக்கத்திற் குறைந்துவிட்டது. மென்மையான கட்டட எஃகு பெரும்பாலும் 250 நியூட்டன் அளவில் இளகத் தொடங்கும் என்பதை நினைத்தால், இப்பிழையின் கனம் விளங்கும்.

ஈண்டுச் சொல்லைப் பற்றிய ஒரு தடை எழுகின்றது. தமிழில் பெயரளவு என்றால் இகழ்ச்சிப் பொருள் ஒட்டிக்கொள்கின்றது. பெயரளவிற்கு நடந்த கூட்டம், பெயருக்கு வைத்த காவல் என்று வழங்குகின்றோம். ஆதலின் பெயரளவுத் தகைவு என்பதனை உண்மையல்லாத தகைவு, புறக்கணிக்கத்தக்க தகைவு என்று கற்போர் கொள்ள இடமுண்டு. இத்தடையை நீக்கச் சராசரித் தகைவு எனலாமோ எனின், கூடாது. இழுவிசைக்கு அப்பெயர் பொருந்தும், வளைவுக்குப் பொருந்தாது. வளையும் உத்தரத்தில் மேற்பக்கம் அமுக்கமும் கீழ்ப்பக்கம் இழுவையும் உள. சராசரி எடுத்தால் ஒன்றையொன்று கழித்துச் சுழியாகிவிடும். வளைவில் பெயரளவுத் தகைவு என்பது எளிய வாய்பாட்டின்படி மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ கிடைக்கும் பெரும அளவேயாகும். கணக்குத் தகைவு என்னலாமோ எனின், செறிந்த தகைவும் கணக்கினால் வருவதே. ஆகவே பெயரளவு என்னும் சொல்லையே வைத்துக்கொண்டு, அதற்கு வேறொரு பொருளைக் கற்பித்தல் நன்று என்பது எம் துணிபு. இன்ன பரப்பின்மேல், இன்ன வாய்பாட்டால் என்று பெயர் சொல்லிக் கூறப்பட வேண்டிய அளவு என்பதே அப்பொருள். பெயர் சொல்லாத பெயரளவுத் தகைவு பொருளற்ற எண்ணாகும்.

செறிவு என்னும் சொல்லிலும் ஒரு சிறு நெருடல் உண்டு. தண்டியலங்காரம் கூறும் பத்துக் குணங்களில் செறிவும் ஒன்று. செய்யுளுக்கு அது சிறப்பு. எஃகுக்கோ அது நோய். ஒரு துறையின் குணம் மற்றொரு துறையின் குற்றமாவது சொல்லுலகில் புதுமையன்று, அது கிடக்க.

செறிவு ஏன் உண்டாகின்றது? எண்ணூர்க் கழிமுகத்தில் கொற்றலையாறு பாலத் தூண்களைக் கடந்து கடலை நோக்கிச் செல்வதைக் காண்பவர்க்கு ஓர் உவமை எளிதிற் கிடைக்கும். தூணை அணுகும் நீரிழைகள் இருபுறமும் விலகித் தூணின் பக்கங்களில் நெருங்குகின்றன. நெருங்கிய இடத்தில் விரைவு மிகுகின்றது. விசையும் அவ்வாறே துளையைக் கடக்க இயலாமல் அதன் இருபுறத்தும் நெருங்கிச் செல்கின்றது. உவமை முற்றும் பொருந்துவதன்று. தூணுக்குப் பின்னால் நீர் சுழலும். விசைக்கோ முன்னும் பின்னும் ஒத்த அமைப்பே உண்டு. மேலும், இழுவையின் திசையில் துளையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இழுவைக்கு மாறாக அமுக்கமே நிலவுகின்றது. நீரில் இதற்கு ஒப்பில்லை. நெருக்கத்தைக் காட்டும் அளவிற்கு மட்டும் உவமையைக் கொள்க.

மிக அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளையின் பக்க விளிம்பில் தகைவு மும்மடங்காகும் என்பதைச் செருமானியப் பொறியியலார் கிர்சு 1898-இல் கணித முறையால் நிறுவினார். அம்முடிவில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, தகட்டை நோக்கத் துளை மிகச் சிறிதாயின், அதன் விட்டம் எதுவாயினும் மும்மடங்கு என்பது மாறாது. ‘சிறு துளைதானே’ என்று கூறுவோர் எஞ்சிய பரப்பை எண்ணுகின்றனரேயன்றி விளிம்பை எண்ணவில்லை. மற்றொன்று, செறிவு விரைவில் தணிகின்றது. விளிம்பிலிருந்து துளையின் ஆரத்தளவு தள்ளிச் சென்றால் மும்மடங்கு 1.22 மடங்காகக் குறைந்துவிடுகின்றது. ஆகவே இந்நோய் ஓரிடத்து நோய். ஆயினும் பிளவு தொடங்குவதற்கு ஓரிடம் போதும்.

கேம்பிரிட்சைச் சார்ந்த இங்கிலிசு என்பார் 1913-இல் கப்பற் பொறியியலார் சங்கத்தில் படித்த கட்டுரையில் வட்டத்தை விட்டு நீள்வட்டத் துளையை ஆராய்ந்தார். இழுவைக்குக் குறுக்கே நீண்டு கிடக்கும் துளையின் நீளம் அதன் அகலத்தைப் போல் ஐந்து மடங்காயின் முனையில் தகைவு பதினொரு மடங்காகும். அதே துளையை இழுவையின் போக்கிலேயே நீட்டி வைத்தால் 1.4 மடங்கே. துளை அதுவே; கிடக்கை மட்டுமே வேறு. நீள்வட்டத்தை மேலும் மேலும் நெருக்கினால் அது விரிசலாகும். முனை கூராகக் கூரத் தகைவும் வரம்பின்றி ஏறும். கூரிய மூலையைக் கண்டு பொறியியலார் அஞ்சுவது இதனால்தான்.

இனி அச்சுக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் பயணப் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டிற்கென அமைந்த வாலாசா சாலை வரை சென்றது. தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சக்கரத்தின் விட்டம் ஒரு மீட்டர் என்று கொண்டால், ஒருமுறை சென்று சேர்வதற்குள் அச்சு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகள் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அச்சின் மேற்பரப்பில் உள்ள ஒரு புள்ளி மேலே வரும்போது ஒருவகைத் தகைவும் கீழே செல்லும்போது அதற்கு எதிரான தகைவும் அடைகின்றது. பாரம் மாறவில்லை, பெயரளவுத் தகைவின் அளவும் மாறவில்லை. ஆயினும் இழுவையும் அமுக்கமும் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை மாறி மாறி வருகின்றன.

இராயபுரத்தில் வண்டி ஓடுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே இதன் கொடுமையை உலகம் கண்டிருந்தது. 1842 மே 8-ஆம் நாள் வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகைவண்டியில் எஞ்சினின் அச்சு முறிந்தது. தீப்பற்றி ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நெடுநாள் உழைத்த இரும்பு உள்ளே தன் இயல்பு மாறிப் படிகமாகிவிடுகின்றது என்பது அக்காலத்து நம்பிக்கை. இரேங்கின் என்னும் இளம் பொறியியலார் 1843-இல் வேறு விளக்கம் தந்தார். முறிந்த அச்சுக்களை ஆராய்ந்து, பருத்த பகுதி சிறுத்த பகுதியோடு சேரும் தோளில் ஒரு விரிசல் தோன்றிச் சிறிது சிறிதாக உட்சென்றமையைக் காட்டினார். அத்தோளைக் கூராக வெட்டாமல் வளைத்து அமைக்க வேண்டும் என்றார். கிர்சின் கணிதம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் கண்ணால் கண்ட உண்மை இது. பின்னர்ப் பிரசிய நாட்டு இருப்புப்பாதைப் பொறியியலார் வோலர் பல ஆண்டுகள் அச்சுக்களைச் சுழற்றிச் சோதித்து, ஒருமுறை ஏற்றினால் தாங்கும் தகைவைவிட மிகக் குறைந்த தகைவிலேயே பன்முறை மாறும் பாரத்தால் உலோகம் முறியும் என்பதை 1870-க்குள் நிலைநாட்டினார். இதனை உலோகத்தின் அயர்வு என்பர்.

வளைந்த தோள் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு கணக்கு. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு 100 மில்லிமீட்டராகச் சிறுக்கும் இடத்தில் வளைவின் ஆரம் 2 மில்லிமீட்டராயின் வளைவுத் தகைவின் செறிவெண் ஏறத்தாழ 2.6, அவ்வாரத்தை 10 மில்லிமீட்டராக்கினால் 1.7. எடை கூடுவது மிகச் சிறிதே, செலவும் சிறிதே. பெயரளவுத் தகைவோ இரண்டிலும் ஒன்றுதான். பெயரளவை மட்டும் நோக்குபவர்க்கு இவ்விரு தண்டுகளுக்கும் வேறுபாடே தோன்றாது.

நம் மாட்டுவண்டியின் அச்சிலும் ஒரு துளை உண்டு. கடையாணி செருகும் துளை அது. கடையாணி சக்கரத்தின் குடத்துக்குப் புறத்தே நிற்பது. பாரமோ குடத்துக்கு உட்புறத்தே அச்சை வளைக்கின்றது. குடத்துக்கு வெளியே நீண்டு நிற்கும் நுனியில் வளைவு ஏறக்குறைய இல்லை. அங்குச் செறிவெண் மூன்றாயினும் பெருக்கப்படும் அளவு சுழியை ஒட்டியது, விளைவும் அவ்வாறே. செறிவு என்பது பெருக்கும் எண் மட்டுமே. பெயரளவுத் தகைவு இல்லாத இடத்தில் அது தீங்கு செய்யாது. துளை தவிர்க்க இயலாததாயின் அதனைப் பெயரளவு குறைந்த இடத்தில் இடுக என்னும் விதியைப் பொறியியல் நூல்கள் பின்னர் எழுதின. கடையாணி இருக்கும் இடமே அதற்கு நல்ல சான்று.

இவ்விதியின் மறுபக்கத்தை எண்ணூரில் உருவாகும் ஊர்திகளின் இனத்திற் காணலாம். 1948-இல் அசோக் மோட்டார்சு என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற தொழிலகம் எண்ணூரில் உள்ளது. சுமையுந்துகளில் பாரத்தைத் தாங்கும் பட்டை வில்லைக் கருதுக. பல எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவே துளையிட்டு ஓர் ஆணியால் கோத்து, இருபுறமும் லாட வடிவ மரையாணிகளால் அச்சோடு இறுக்குவர். வில்லின் வளைவு மிகுதியும் நடுவில், துளையும் நடுவில். இது விதிக்கு மாறன்றோ எனின், மரையாணிகள் இறுகியிருக்கும்வரை அன்று. இறுகிய பகுதி வளைவதில்லை. அதனால் துளை காக்கப்படுகின்றது. மரையாணி தளர்ந்தால் வளைவு துளைவரை சென்றுவிடும். அப்பொழுது பட்டை நடுத்துளையின் வழியே ஒடியும். நடுவில் ஒடிந்த பட்டையைக் கண்டவுடன் ‘மரையாணி தளர்ந்திருந்ததா’ என்று பட்டறையிற் கேட்பது இதனால்தான். முறிவின் இடமே காரணத்தைக் கூறிவிடுகின்றது.

இவ்வாறாயின் துளையுள்ள கட்டடங்கள் யாவும் ஏன் இடிந்துவிழவில்லை? தறையாணிகளாலும் மரையாணிகளாலும் இணைக்கப்பட்ட பாலங்களில் ஆயிரக்கணக்கான துளைகள் உள்ளன. விடை எஃகின் குணத்தில் உள்ளது. மென்மையான எஃகு விளிம்பில் இளகும் அளவை எட்டியதும் சிறிது நீண்டு கொடுக்கும். மிகுந்த பாரத்தைப் பக்கத்துப் பகுதி ஏற்றுக்கொள்ளும். அசையாத பாரத்தைத் தாங்கும் இவ்வகை எஃகுக் கட்டடங்களில் எஞ்சிய பரப்பின்மேற் கணக்கிட்ட பெயரளவுத் தகைவே பெரும்பாலும் போதும் என்று விதிநூல்கள் கொள்வது இக்குணத்தை நம்பியே. அந்நம்பிக்கைக்கு இடமில்லாத நிலைகள் மூன்று: பாரம் பன்முறை மாறுவது, பொருள் நொறுங்கும் இயல்பினது, நீளும் இயல்புடைய எஃகே குளிரில் அவ்வியல்பை இழப்பது.

மூன்றாவதற்குக் கப்பலே சான்று. 1943 சனவரி 16-ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், புதிதாகக் கட்டிய செனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. அலையில்லை, புயலில்லை, பெயரளவுத் தகைவு உரிய எல்லைக்குள்ளேயே இருந்தது. அப்போர்க்காலத்தில் விரைந்து கட்டப்பெற்ற லிபர்ட்டிக் கப்பல்கள் பலவற்றிலும் விரிசல்கள் தோன்றின. அவற்றுட் பல, சரக்கறை வாயிலின் சதுர மூலைகளிலிருந்து புறப்பட்டன. தகடுகளைத் தறையாணியால் கோத்த பழைய கப்பல்களில் ஒரு தகட்டின் விரிசல் அதன் ஓரத்தில் நின்றுவிடக்கூடும். பற்றவைத்த கப்பலோ ஒரே தகடு போன்றது, விரிசலுக்குத் தடையில்லை. குளிரில் எஃகின் நீளும் இயல்பு குறைந்தமையும் பற்றவைப்பின் குறைகளும் உடன்சேர்ந்தன. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் அனல்மின் நிலையங்களுக்குரிய நிலக்கரியை இறக்கும் துறையாகத் தொழில் தொடங்கியது. இன்று அது காமராசர் துறைமுகம். அங்கு வரும் நிலக்கரிக் கப்பல்களின் மேல்தளத்தில் பெரிய வாயில்கள் திறந்திருப்பதைக் காணலாம். நிலக்கரியை அள்ளுவதற்குச் சதுர வாயிலே ஏற்றது. எனினும் தளத்தகட்டில் வெட்டும் மூலைகள் வளைத்தே வெட்டப்பெறுகின்றன. அவ்வளைவு அழகுக்காக வந்ததன்று.

வானூர்தியில் இப்பாடம் மீண்டும் படிக்கப்பட்டது. 1954-இல் சனவரியிலும் ஏப்பிரலிலும் இரண்டு காமெட் வானூர்திகள் மத்தியதரைக் கடற்பகுதியில் சிதைந்தன. மீட்ட துண்டுகளில் கூரையில் வெட்டியிருந்த திறப்பு ஒன்றின் மூலையருகே, தறையாணித் துளையொன்றில், அயர்வு விரிசல் தொடங்கியமை கண்டறியப்பட்டது. ஒவ்வொரு பறப்பிலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்குவதே ஈண்டு மாறும் பாரம். மூலையால் ஒரு செறிவு, அம்மூலையிலுள்ள துளையால் மற்றொரு செறிவு. செறிவின்மேற் செறிவு ஏறக்குறையப் பெருக்கலாக அமைவதாகும்.

நொறுங்கும் பொருளுக்குக் கருங்கல் சான்று. நம் கற்றச்சர் செறிவை அஞ்சவில்லை; ஏவல் கொண்டனர். பாறையில் ஒரே கோட்டில் சிறு குழிகளை வரிசையாக வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறுக்கினால் ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் தகைவு செறிந்து, குழிக்குக் குழி விரிசல் ஓடிப் பாறை அக்கோட்டில் பிளக்கும். மாமல்லபுரத்துப் பாறைகள் சிலவற்றில் அவ்வரிசைக் குழிகளை இன்றும் காணலாம். கருங்கல் இளகிக் கொடாது. கொடாமையே தச்சனுக்குத் துணை.

இக்கடற்கரையில் இதற்கு நேர்மாறான அறிவும் இருந்தது. சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன் கப்பல்கள் கடலில் தொலைவில் நிற்க, ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா என்னும் தைத்த படகுகள். பலகைகளின் ஓரங்களில் நெருக்கமாகத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். விலா எலும்பு போன்ற உட்சட்டம் இல்லை. ஆணி அடித்த இறுகிய படகு அலையால் மணலில் மோதும்போது மோதல் முழுவதும் சில ஆணிகளின் அருகே குவியும். தைத்த படகில் பலகைக்குப் பலகை சிறிது அசையும். விசை பல தையல்களுக்குப் பங்கிடப்படும். துளையின் ஓரத்தில் செறிவு இல்லை என்பதன்று. அத்துளைக்கு வந்து சேரும் பெயரளவே குறைவு என்பதே அதன் சிறப்பு. மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்துக்கும் இது பொருந்தும். இன்று எண்ணூர், காசிமேடு மீனவர் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளுக்கு மாறிவிட்டனர். தைத்த படகு அருகிவிட்டது.

இறுதியாக, பட்டறைகளில் வழங்கும் ஒரு முறையைக் குறிப்பிடல் வேண்டும். தகட்டில் விரிசல் கண்டால் அதன் முனையில் ஒரு வட்டத் துளை இடுவர். முறிவைத் தடுக்க மேலும் ஒரு துளையா என்று புதியோர் வியப்பர். விரிசலின் முனையில் ஆரம் ஏறக்குறைய இல்லை. ஆதலின் செறிவு மிகப் பெரிது. துளை அம்முனைக்கு ஓர் ஆரத்தைத் தருகின்றது, செறிவு குறைகின்றது. ஆனால் துளை விரிசலின் உண்மையான முனையை உள்ளடக்கியிருத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனைக்கு அப்பால் மயிரிழை போல் விரிசல் சிறிது சென்றிருப்பது வழக்கம். ஆதலின் தேர்ந்தவர்கள் முதலில் சாயம் தடவி அம்மயிரிழையின் முடிவைக் கண்டு, அதன்பின்னரே துளையிடும் இடத்தைக் குறிக்கின்றனர்.